பன்னிரண்டு தேவதைகளுக்குப் பொட்டு

மங்கள விலாசம் அச்சுக்கூடத்தில் அப்துல் வஹீது ஆறு வருஷமாக அடுத்தவர் பெயரை அச்சுக் கோத்துக்கொண்டிருந்தான். மணமகன் பெயர், மணமகள் பெயர், பெற்றோர் பெயர், ‘தங்கள் வரவை எதிர்நோக்கும்’ தாய்மாமன்மார் பெயர் என்று தெற்கு மதுரையில் பாதிப் பேரின் பெயர் ஈய எழுத்தாக அவன் விரல் வழியாகப் போயிருந்தது. அவன் பெயர் மட்டும் எங்கும் போகவில்லை. புது எழுத்து வந்த ஒரு நாள் அதை ஒரே ஒரு முறை கோத்துப் பார்த்தான். முதலாளி செருமும் சத்தம் கேட்டதும் எழுத்துகளை அவசரமாகப் பெட்டியில் போட்டுவிட்டான். அந்த அவசரத்தில் ஓர் எழுத்து வேறு அறைக்குள் விழுந்து, அடுத்த வாரம் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பட்டப்பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு அவன் அந்த ஆசையை மனசோடு நிறுத்திக்கொண்டான்.

முதலாளி ஜெயக்கொடிக்கு ஒரு பெருமை உண்டு. அவருடைய அச்சுக்கூடத்தில் கருமாதிப் பத்திரிகை அடித்ததே கிடையாது. கறுப்புக் கரை போட்ட காகிதம் உள்ளே வந்தால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்பார். சிவப்பு மையும் மஞ்சள் காகிதமுமாகவே பிழைத்த மனிதர். அப்படிப்பட்டவர்தான் சென்னைக்குப் புது எழுத்து வாங்கப் போய், வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று கடையைக் கட்டிய ஏலத்தில் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் படம் அடிக்கும் துத்தநாக பிளாக்குகள் பன்னிரண்டு இருந்தன. எடைக்கு வாங்கியதால் உள்ளே என்ன படம் என்று அவர் பார்க்கவில்லை.

மை தடவி ஒத்திப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். முதுகில் தும்பியின் சிறகு. ஒருத்தி பூவுக்குள் உட்கார்ந்திருந்தாள், ஒருத்தி தண்டில் தொங்கினாள், ஒருத்தி பனிக்குவியலுக்குள்ளிருந்து ஒரு பூவைக் கையால் மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் விரிந்த கூந்தல். முழங்காலுக்கு மேலேதான் துணி, அதுவும் இலையா துணியா என்று தெரியாத அளவுக்கு. படத்துக்கடியில் இங்கிலீஷில் பூவின் பெயர் இருந்தது.

வஹீது மேலமாசி வீதியில் மாலை வகுப்பில் இங்கிலீஷ் படிக்கிறவன். பெயர்களை எழுதிக்கொண்டு போய் வகுப்பில் இருந்த அகராதியைப் புரட்டினான். பன்னிரண்டு பூவுக்கும் அகராதி ‘ஒரு வகைப் பூ’ என்று ஒரே பொருளைச் சொன்னது. எழுதியவர் எதையும் பார்க்காமலே எழுதியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. உடனே, தனக்குத்தான் அகராதி பார்க்கத் தெரியவில்லையோ என்றும் தோன்றியது. இரண்டாவது எண்ணம்தான் அவனுக்குப் பழக்கமானது.

ஜெயக்கொடி பணம் போட்ட பொருளைச் சும்மா விடுகிறவர் அல்லர். மகள் கல்யாணம் தையில். கல்யாண வீட்டில் வாழ்த்துப்பா அடித்துக் கொடுப்பது ஊர் வழக்கம். அதையே கொஞ்சம் பெரிதாக, படம் போட்ட பிள்ளைப்பாட்டுப் புத்தகமாக அடித்து, தாம்பூலத்தோடு கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பள்ளிக்கூடங்களின் பரிசளிப்புக்குத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டார். வேண்டியது பாட்டு. அதற்காகச் சோணைமுத்துப் புலவரைக் கூப்பிட்டார். மங்கள விலாசத்தில் அடிக்கும் வாழ்த்துப்பா எல்லாம் அவருடையதுதான். மணமக்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஒரே பாட்டு பல வருஷமாக நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.

புலவர் படத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். பருவம் ஆறு, அவற்றுக்குரிய பூக்கள் நூல்களில் உள்ளன, வெள்ளைக்காரன் பொம்மையைப் பார்த்துத் தமிழ் எழுத வேண்டிய அவசியம் தனக்கு நேரவில்லை என்றார். ஒரு வாரத்தில் தேவலோகத்து அரமகளிர் பற்றி ஒரு செய்யுளைக் கொண்டுவந்தார். அதைப் பிள்ளைகள் படிக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு புலவர் உட்கார்ந்து உரை சொல்ல வேண்டும், உரையைப் புரிந்துகொள்ள இன்னொருவர் வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் வஹீது எழுதினான். எழுதுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தான். அழகர்கோவில் அடிவாரத்துக்குப் போய் மரத்தைப் பார்த்தான், மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை தாண்டி ஆவாரஞ்செடியைப் பார்த்தான், எந்தப் பூ எந்த மாசம் என்று ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டான். அவர்கள் ஆளுக்கொரு மாசம் சொன்னார்கள். பருவம் ஆறு என்பதும் அவனுக்கு ஒத்துவரவில்லை. மதுரையில் வெயில், கொடும் வெயில், வைகையில் தண்ணீர் வந்த வாரம் என்று மூன்றுதான் அவனுக்கு அகப்பட்டன. பனி என்பது மார்கழியில் கோலம் போடுகிற பெண்களின் தும்மலோடு முடிந்துபோகும். ஆகவே பனிக்குவியல் படத்தைப் பருத்திக்காடு என்று வைத்துக்கொண்டு பருத்திப்பூவுக்குப் பாட்டெழுதினான். மணி மாதிரித் தொங்கிய பூவை எள்ளுப்பூ ஆக்கினான். கொத்தாக நின்ற இங்கிலீஷ் பூ எருக்காயிற்று. ஒத்தக்கடைச் செடிக்கு இப்படி எழுதினான்:

ஆவாரம் பூவக்கா,
அழகான பூவக்கா,
ஒத்தக்கடைப் பாதையிலே
ஒத்தையிலே நிக்கிறியே,
மஞ்சள் முகம் கழுவி
யாருக்குக் காத்திருக்கே?

முதலாளி அதைப் படித்துவிட்டு, இது பக்கத்துக்குள் அடங்குகிறது என்று பாராட்டினார். மிச்சத்தையும் எழுதி முடிக்கச் சொன்னார். “நல்லா வந்துச்சுன்னா ஒம் பேரையே முன்னால போட்டுருவோம் வஹீது” என்றார். அவர் அதை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். வஹீது அன்று வகுப்புக்குப் போகவில்லை. வைகைப் பாலத்தில் ஒரு தடவை போய்விட்டு ஒரு தடவை வந்தான்.

பாட்டு முடிந்தது. ஆனால் தேவதைகளின் கால் பிரச்சினையாயிற்று. கல்யாண வீட்டில் சம்பந்தி கையில் கொடுக்கிற புத்தகத்தில் தொடை தெரியலாமா? ஜெயக்கொடி வஹீதின் தாய்மாமன் முகைதீன் பிச்சையை வரவழைத்தார். முகைதீன் பிச்சை காஜிமார் தெருவில் பித்தளை முத்திரை வெட்டுகிறவர். பிளாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மொதலாளி, இதுல வெட்டத்தான் முடியும், ஒட்ட முடியாது. மேடா இருக்க எடந்தான் மை எடுக்கும். நான் வெட்டுன எடம் வெள்ளையா விழும்.”

“வெள்ளையா விழுந்தா என்ன? காலு மறைஞ்சாச் சரி.”

முகைதீன் பிச்சை சிற்றுளியை எடுத்தார். காலும், காலுக்குப் பின்னால் இருந்த புல்லும் இலையும் போய், அந்த இடத்தில் கணுக்கால் வரை ஒரு சேலை விழுந்தது. மடிப்புக்காக நாலு கோடு விட்டுவைத்தார். அடுத்த நாள் முதலாளி கூந்தலைப் பார்த்தார். தலைவிரி கோலமாக ஆடுகிறார்களே, மூடு என்றார். முக்காடு வந்தது. ஒருத்தி கழுத்தில் சிறு பூக்களைக் கோத்த மாலை போட்டிருந்தாள். கழுத்தில் என்ன புல், எடு என்றார். கழுத்து வெறுங்கழுத்தாயிற்று. கையில் கொடி சுற்றியிருந்தவளுக்குக் கொடியும் போயிற்று. சிறகை மட்டும் தொடவில்லை, அது இல்லாவிட்டால் தேவதை என்று யார் நம்புவார்கள்?

புரூஃப் அடித்துக் கொடியில் காயப்போட்டார்கள். ஜெயக்கொடி கால்களை மட்டும் பார்த்தார், திருப்தி அடைந்தார். புலவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வஹீது நெடுநேரம் பார்த்தான். அவன் தெருவில் அவன் அம்மா அஜ்மல் பீவியும், பெரியம்மாவும், கல்யாணமாகி ஒரு மாசமே ஆன தங்கச்சி லத்தீபாவும் வெளியே இறங்கினால் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியால் தலையோடு போர்த்திக்கொண்டுதான் இறங்குவார்கள். வெள்ளை என்றால் அவனுக்கு மரியாதைப்பட்ட வீட்டுப் பெண் தெருவில் நடக்கிறாள் என்று பொருள். இங்கிலீஷ் பெண்கள் ஒரு வழியாக நம் வீட்டுப் பெண்களாகிவிட்டார்கள் என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது. ஆங்காங்கே எழுத்துப் பிழையைத் தேடினான், ஒன்றும் அகப்படவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டான்.

பாரம் என்கிற அச்சான பெரிய தாள்களை மடித்துத் தைக்கிறவள் தங்கப்பொண்ணு. வயது இருபத்தைந்து இருக்கும். புருஷன் இறந்து நாலு வருஷம். முதல் பாரத்தை மடிக்கும்போது கொஞ்ச நேரம் கை நின்றது. அப்புறம் மடித்தாள். வஹீது நிமிர்ந்து பார்த்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல்வலி என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியாகத் தலைப்புப் பக்கம். அதற்கு எதிர்ப் பக்கத்தில் முதல் தேவதை, மல்லிகை. ‘பருவப் பூந்தேவதைகள்’ என்று பெரிய எழுத்தில் கோத்து, கீழே தன் பெயருக்கு இடம் விட்டுக் காத்திருந்தான் வஹீது. அன்று பார்த்துப் புலவர் வந்தார். அதோடு அச்சுக்குப் போக இருந்த ஆவாரம்பூப் பாட்டை நிற்கிறபடியே படித்தார். ‘நிக்கிறியே’ என்பதை அடித்து ‘நிற்கின்றனையே’ என்று எழுதினார். ஓட்டம் தடுக்கி விழுந்தது, இலக்கணம் எழுந்து நின்றது. திருத்தியவர் பெயர் இல்லாமல் ஒரு நூல் வெளியே போவது மரபன்று என்று முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி வஹீதைத் தனியாகக் கூப்பிட்டு, சம்பந்தி வீட்டார் எழுமலைக்காரர்கள், பெரிய கை, அச்சுக் கோக்கிற பையன் எழுதிய பாட்டு என்றால் கவுரவமாக இருக்காது என்று பக்குவமாகச் சொன்னார். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வஹீது தலையாட்டினான். ‘சோணைமுத்துப் புலவர் இயற்றியது’ என்று அவனே கோத்தான். ஒரு பிழை விடலாமா என்று நினைத்தான். மனசு வரவில்லை.

கல்யாணத்துக்கு அச்சுக்கூடத்தில் எல்லாருக்கும் அழைப்பு, தங்கப்பொண்ணுவைத் தவிர. நல்ல காரியத்தில் அவளை எதிரே நிறுத்தக் கூடாது என்பது அவளுக்கே தெரியும் என்று முதலாளி விட்டுவிட்டார். அவள் மடித்த புத்தகங்கள் மட்டும் மாட்டு வண்டியில் பந்தலுக்குப் போயின.

தாலி ஏறிற்று. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு புத்தகம் என்று ஆளாளுக்குக் கொடுத்தார்கள். படித்தவர்கள் அட்டையைத் திறந்து புலவர் பெயரைப் பார்த்துத் தலையசைத்து மூடிவைத்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒச்சாயிக்குப் படிப்பு கிடையாது. எழுமலையில் பாதி நஞ்சைக்குச் சொந்தக்காரி. எழுத்து தெரியாததால் அவளுக்குப் படம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதல் பக்கத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

“ஏன்யா சம்மந்தி, எங்க ஊர்ல தாம்பூலத்தோட தேங்கா குடுப்பாக. நீங்க முண்டச்சியக் குடுக்குறீக.”

ஜெயக்கொடிக்குப் புரியவில்லை. அவள் புத்தகத்தை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“வெள்ளச்சேல. முக்காடு. கழுத்துல ஒண்ணுமில்ல, கையில வளையலில்ல, நெத்தியில பொட்டுமில்ல. ஒண்ணா ரெண்டா, பன்னெண்டு பேரு. அம்புட்டுப் பேருக்கும் பூவு வேற. பத்தாததுக்கு றெக்க வேற வச்சு விட்டுருக்கீக, எங்கிட்டுப் பறக்கவாம்?”

யாரோ ஒரு இளவட்டம் மல்லிகைப் பாட்டைச் சத்தமாகப் படித்தான். ‘கொண்டை கண்டால் ஏறிக்கொள்ளு, கூட வந்து ஊரைச் சுற்று.’ இன்னொருவன் ஆவாரம்பூவின் ‘யாருக்குக் காத்திருக்கே’யைப் படித்தான். சிரித்தவர்களைப் பெரியவர்கள் அடக்கினார்கள். அடக்கிய பெரியவர்கள் பந்தலுக்கு வெளியே போய்ச் சிரித்தார்கள். பெண்கள் புத்தகத்தை மடியிலிருந்து தள்ளிவைத்தார்கள். மணப்பெண்ணின் கையிலிருந்ததை அவள் தாய் பிடுங்கிச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பந்தக்கால் ஓரம் நின்ற வஹீதுக்கு அப்போதுதான் எல்லாம் ஒருசேரத் தெரிந்தது. அச்சுக்கூடத்தில் கதவுக்கு எதிரிலேயே, வெள்ளைச் சேலையில் முக்காடு போட்ட ஒரு பெண் தினமும் உட்கார்ந்து இதே படத்தைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள். படத்தையும் அவளையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தால்தானே ஒப்பிட!

மறுநாள் அச்சுக்கூடத்தில் விசாரணை. கருமாதிப் பத்திரிகையே அடிக்காத மங்கள விலாசம் பன்னிரண்டு விதவைகளை அடித்துவிட்டது என்று கீழவாசல் வரை பேச்சு. பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த இரண்டு கல்யாண வீட்டார் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். புலவர் காலையிலேயே வந்துவிட்டார்.

“இந்நூலில் என்னுடையது ஒரு சொல்தான். மிச்சமெல்லாம் அந்தப் பையன் கைவரிசை” என்றார். அவர் அந்த அச்சுக்கூடத்தில் சொன்ன முதல் உண்மை அதுதான். தம் பெயர் உள்ள பக்கத்தை எல்லாப் பிரதியிலும் கிழித்தெறிய வேண்டும் என்று நின்றார்.

ஜெயக்கொடி வஹீதைப் பார்த்தார். “வெள்ளைன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாதாப்பா?”

“எங்க தெருவுல எல்லாரும் வெள்ளதான் மொதலாளி போத்துவாக” என்றான் வஹீது. அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது, ஆனால் வெள்ளையாக விழுந்தால் என்ன என்று சொன்னது யார் என்பது அவருக்கும் ஞாபகம் இருந்தது. முகைதீன் பிச்சையும் பக்கத்தில் நின்றுகொண்டு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காகிதத்தைத் தூக்கி எறிய முதலாளிக்கு மனசில்லை. ஒரு வழி கண்டுபிடித்தார். புலவர் பக்கத்தைக் கிழித்துவிட்டு, வேறு தலைப்புப் பக்கம் அடித்து ஒட்டுவது, தேவதைகளின் நெற்றியில் சிவப்பு மையால் பொட்டு வைத்துவிடுவது. பொட்டு வைத்தால் சுமங்கலி. சுமங்கலி வெள்ளை கட்டினால் அது அவளுடைய பிரியம். புதுப் பக்கத்தில் யார் பெயர் என்று கேட்டதற்கு, “ஒம் பேரையே போட்டுக்க. கேக்குறவனுக்குப் பதிலு சொல்ல ஒரு ஆளு வேணும்ல” என்றார்.

இப்படித்தான் வஹீதின் பெயர் அச்சேறியது. ஆறு வருஷம் காத்திருந்த காரியம், பழியாக வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே எழுத்துப் பெட்டியைத் திறந்தான். முதலில் பெரிய எழுத்தில் கோத்தான், கர்வமாகத் தெரிந்தது. சின்ன எழுத்தில் கோத்தான், குற்றவாளி கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. நடுத்தரமாகக் கோத்தான். ‘அப்துல் வஹீது இயற்றியது’. எழுத்து அடுக்கும் கல்லின் மேல் தலைகீழாகக் கிடந்த பெயரைச் சந்தோஷமாகவும் வெட்கமாகவும் பார்த்தான். ஒரு காரியத்துக்கு ஏன் இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பக்கங்களை ஒட்டியதும் தங்கப்பொண்ணு தன் வேலைதான் என்று சிவப்பு மைக் கிண்ணத்தை இழுத்தாள். தீக்குச்சியை முனை நசுக்கி மையில் தொட்டாள்.

“ஏய், நீ வைக்காத” என்றார் ஜெயக்கொடி. அமங்கலி கையால் பொட்டு வைத்தால் வைத்தும் பிரயோசனமில்லை, தோஷம் அப்படியே நிற்கும் என்றார். தம் வீட்டுப் பெண்களைக் கொண்டு வைக்கலாம், அவர்கள் இந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டோம் என்கிறார்கள். சற்று யோசித்துவிட்டு முகைதீன் பிச்சையையும் வஹீதையும் கை காட்டினார். “நீங்க ரெண்டு பேரும் வைங்க. ஒங்களுக்கு ஒண்ணுமில்ல.”

தங்கப்பொண்ணு தீக்குச்சியைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மடிக்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

மாமனும் மருமகனும் வைத்தார்கள். பன்னிரண்டு நெற்றி முடிந்தால் அடுத்த புத்தகத்தில் மறுபடி பன்னிரண்டு நெற்றி. முகைதீன் பிச்சைக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் மாப்ள, எம் பொஞ்சாதியக் கெட்டி முப்பது வருசத்துல நான் ஒரு பொட்டு வச்சதில்ல. இப்ப யாரோ வெள்ளைக்காரன் பெத்த பொண்ணுகளுக்கு வச்சுக்கிட்டிருக்கேன். தெருவுல கேட்டா என்ன சொல்ல?”

“பூ வியாபாரம்னு சொல்லுங்க மாமு.”

மை காய வேண்டும், நடுவில் ஒத்துத்தாள் வைக்க வேண்டும் என்று வஹீதுக்குத் தோன்றியது. முதலாளியிடம் சொன்னான். அதற்கு வேறு காகிதம் வீணாக்கவா, பேசாமல் அடுக்கு என்றார். தனக்குத்தான் அதிகமாகத் தோன்றுகிறது போலும் என்று அவனும் விட்டுவிட்டான். அடுக்கி மேலே பாரம் வைத்தார்கள்.

மறுநாள் பிரித்தபோது மல்லிகைத் தேவதையின் பொட்டு எதிர்ப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. எதிர்ப் பக்கம் தலைப்புப் பக்கம். பொட்டு நெற்றியில் எங்கே இருந்ததோ அதற்கு நேர் எதிரே அவன் பெயர். ஒவ்வொரு பிரதியாக எடுத்துப் பார்த்தான். ஒன்றில் ‘அப்துல்’ போயிருந்தது, ஒன்றில் ‘வஹீது’. பலவற்றில் இரண்டும் சேர்ந்து ஒரு சிவப்பு ஈரமாக இருந்தது. ‘இயற்றியது’ மட்டும் எல்லாவற்றிலும் தெளிவாகத் தெரிந்தது.

முதலாளி ஒன்றை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “சாமிக்குக் குங்குமம் வச்ச மாதிரி நல்லாத்தான இருக்கு” என்றார். ஒச்சாயிக்கு ஒன்று அனுப்பப்பட்டது. இப்போதுதான் வீட்டுப் பெண்களாக இருக்கிறார்கள் என்று சொல்லியனுப்பினாளாம். மிச்சத்தைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு வஹீது தங்கப்பொண்ணுவின் பக்கத்தில் வந்து நின்றான். கேட்கலாமா வேண்டாமா என்று எழுத்துப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினான்.

“ஏங்க்கா, மடிக்கையிலயே ஒனக்குத் தெரிஞ்சதுதான?”

“தெரியாமயா? தெனம் நான் கட்டுற சேலதான.”

“அப்பச் சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா நிறுத்தியிருப்பீக” என்றாள். பசைக் கிண்ணத்தை மூடினாள். “வெள்ளச்சேலையில இருந்துக்கிட்டு, கையில மல்லியப்பூவு, மூஞ்சியில சிரிப்பாணி. பன்னெண்டு பேரு தம்பி. ஒருத்தியவும் ஒருத்தன் ஒண்ணும் சொல்லல. நாலு நாளாச்சும் இருக்கட்டுமேன்னு விட்டேன்.”

அவள் காலடியில், கழிவுக் காகிதத்துக்கு அடியில், ஒரு புத்தகம் இருந்தது. புதுப் பக்கம் ஒட்டியது. பொட்டு வைக்கக் கொடுக்கும்போது இதை மட்டும் அவள் ஒதுக்கிவைத்திருக்கிறாள். வஹீது எடுத்துத் திறந்தான். மல்லிகைத் தேவதை வெறும் நெற்றியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் பக்கத்தில் ‘அப்துல் வஹீது’ ஒரு துளி கறையில்லாமல் இருந்தது. அடித்ததில் அவன் பெயர் முழுசாக இருந்த பிரதி அது ஒன்றுதான்.

இதைத் தனக்குக் கொடுத்துவிடச் சொல்லலாம் என்று அவன் நினைத்தான். வாய் வரை வந்தது. அவள் அதற்குள் கையை நீட்டியிருந்தாள். கொடுத்தான்.

தங்கப்பொண்ணுக்கு எழுத்து தெரியாது. “இதுல ஒம் பேரு எது தம்பி?” என்று கேட்டாள்.

விரல் வைத்துக் காட்டினான். அவள் குனிந்து, பெயரை இடமிருந்து வலமாக ஒரு முறையும் அவன் முகத்தை ஒரு முறையும் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள்.

பிறகு புத்தகத்தை மூடி, முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.